குமுளிக் காட்டில் விசிலும் கொம்பும்

குமுளிக்குப் பக்கத்திலுள்ள விலங்குச் சரணாலயத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா, அங்கே ஆபத்து ஏதும் நேர்ந்தால் உதவி கிடைக்குமா என்று கேட்டு இந்தப் பக்கத்தின் வாசகர்கள் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். பார்க்காத இடத்தைப் பற்றி எழுதி எனக்குப் பழக்கமில்லை. பாலக்காட்டில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரி காசிம் ராவுத்தர், கடைசிப் பறிப்புக் காயைப் பார்க்க மலைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் நானும் சேர்ந்துகொண்டேன். மார்கழிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். சனிக்கிழமை மலையிறங்கினோம்.

யானை பார்க்கத்தான் போனேன். பார்த்தேன், தூரத்தில், ஒன்பது. ஆனால் போன நாட்களில் பெரும்பகுதி, காட்டில் காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடுவதில் கழிந்துவிட்டது. வாசகர்கள் கேட்ட கேள்விக்கு அதையே பதிலாக எழுதுகிறேன். வனக்காவல் நிலையத்தின் பெயரையும், ரேஞ்சரின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். மேலதிகாரியைக் கேட்காமல் தன் பொறுப்பில் சில காரியங்களைச் செய்தவர் அந்த ரேஞ்சர். அதனால் அவருக்குத் தொல்லை வரக் கூடாது.

பாலக்காட்டிலிருந்து காலை 6.20 ரயில். பொள்ளாச்சி, பழனி வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேர மதியம் ஒன்றேகால். மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டு ரூபாய் பதினான்கு அணா. பழனியில் ஏறும் கூட்டத்துக்கு இடம் விட மனமிருந்தால் மட்டும் ஜன்னலோரம் உட்காருங்கள். திண்டுக்கல்லில் இரண்டு மணிக்குக் கம்பம் பஸ். எழுபத்தொரு மைல், இரண்டேகால் ரூபாய், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தேனியில் பஸ் இருபது நிமிடம் நிற்கும். சாப்பாட்டை அங்கே முடித்துக்கொள்வது நல்லது. அன்றிரவு கம்பத்தில் ராவுத்தருக்குத் தெரிந்த கமிஷன் மண்டியின் மாடியில் தங்கினோம். கீழிருந்து வந்த ஏலக்காய் வாசனையில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. "ஏனுங்க பத்திரிகைக்காரரே, இப்படித் தும்மினா மண்டிக்காரர் காசு கேட்பாருங்க" என்றார் ராவுத்தர்.

மறுநாள் புதன்கிழமை மண்டியில் அவருக்கு வேலை இருந்தது. மாலை மூன்றரைக்குத்தான் குமுளி பஸ் ஏறினோம். பதினான்கு மைலுக்கு ஒன்பது அணா. கூடலூர் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கும். வளைவுகளில் பஸ் நின்று, பின்னால் வந்து, மறுபடி திரும்பும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன் இருக்கையில் உட்காரலாம். ஐந்து மணிக்குக் குமுளியில் இறங்கியபோது குளிர் காதில் கடித்தது. கடைவீதியின் கீழ்ப்பாதி சென்னை ராஜ்யம், மேல்பாதி திருவிதாங்கூர்-கொச்சி. ஒரே டீயைக் கீழே குடித்தால் ஓரணா, மேலே குடித்தால் ஒன்றரை அணா. மேலேதான் பால் அதிகம்.

வியாழக்கிழமை காலை ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்தோம். நாளுக்குப் பதினைந்து ரூபாய், பெட்ரோல் உட்பட. ஆனைக்கரை போகும் சாலையில் மூன்று மைல் போய், பிரியும் மண் தடத்தில் இன்னும் ஒரு மைல் போனால் வனக்காவல் நிலையம். சரணாலயத்துக்குள் போக ஆளுக்கு ஒரு ரூபாய் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நிலையத்துக்கு முன்னால் ஒரு பெரிய பலகை. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள்: வேட்டையாடுவது, மரம் வெட்டுவது, விறகு எடுப்பது, தீ மூட்டுவது குற்றம். தீ மூட்டினால் சிறை.

ரேஞ்சர் நாற்பது வயதிருக்கும் மனிதர். கோட்டயத்துப் பக்கம் ஊர். தமிழ் பேசுவார், நிறுத்தி நிறுத்தி. என் சீட்டை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம், தலைவழியே கம்பளி போர்த்தியிருந்தார். மணி எட்டு ஐம்பது.

பெயர் வெள்ளத்தாயி. பக்கத்து ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. தங்கை பேச்சியம்மாளை நேற்று மாலையிலிருந்து காணவில்லை. குமுளிச் சந்தைக்கு ரோட்டு வழியே போனவள் திரும்பவில்லை என்றார். ரேஞ்சர் எத்தனை மணிக்குப் போனாள், தனியாகவா, எந்த வளைவில் கடைசியாகப் பார்த்தது என்று கேட்கக் கேட்க, ஒரு பதில் இன்னொன்றோடு பொருந்தவில்லை. சந்தை நாள் புதன்கிழமையே இல்லை. ரேஞ்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது: இந்த அம்மாள் சொல்லும் இடத்தில் தேடினால் ஒரு நாள் வீணாகும். அந்த ஒரு நாள் காட்டில் இருப்பவருக்குக் கடைசி நாளாகவும் இருக்கலாம்.

காசிம் ராவுத்தருக்கு வெள்ளத்தாயியைத் தெரிந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பத்து வருடமாகப் போய்வருகிறவர் அவர். வெள்ளத்தாயியை ஓரமாக அழைத்துப்போய்ப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார வைத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதும் கேட்கவில்லை. கடைசியில் ராவுத்தர் சொன்னது மட்டும் கேட்டது: "இந்தா பாரு தங்கச்சி, வெறகுக்குக் கேஸ் போட்டா நாலு நாள்ல ஆறிரும். உன் தங்கச்சி போனா ஆறுமா?"

வெள்ளத்தாயி எழுந்து வந்து உண்மையைச் சொன்னார். காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு போதவில்லை. புதன்கிழமை மத்தியானம் எட்டுப் பெண்கள், காட்டுத்தீ பரவாமலிருக்க எல்லையில் செடிகொடிகளை வெட்டிவிட்டிருக்கும் தீக்கோட்டைத் தாண்டிச் சரணாலயத்துக்குள் போனார்கள். கட்டுக் கட்டித் தலையில் வைத்துக் கிளம்பும்போது விசில் சத்தம். ஓடினார்கள். ஏழு பேர் தோட்டத்துப் பக்கம் ஓடினார்கள். பேச்சியம்மாள் காட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். இரவெல்லாம் காத்திருந்தார்கள். ஒருத்தியைக் காணோம் என்று சொன்னால் எட்டுப் பேர் மீதும் வழக்கு வரும் என்பதால், சந்தை, ரோடு என்று ஒரு கதையைப் பேசி முடிவு செய்துகொண்டுதான் வெள்ளத்தாயியை அனுப்பினார்கள்.

ரேஞ்சர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து முதல் நாள் பக்கத்தைப் படித்தார். மாலை மூன்று மணி, தீக்கோட்டுக்கு உள்ளே விறகுடன் எட்டுப் பெண்கள், விசில் அடித்ததும் ஓடிவிட்டனர், யாரும் பிடிபடவில்லை. காவலர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று அவர் எழுதவில்லை. ஓடினால் வெளியே ஓடுவார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

"எட்டு சரியாயிட்டு இருக்கு" என்றார் ரேஞ்சர். பிறகு நோட்டை மூடினார். "ஆளு முதல்ல. கேஸ் பின்ன."

ஒன்பதரைக்குத் தேடப் புறப்பட்டார்கள். ரேஞ்சர், ஆறு காவலர்கள், தடம் பார்ப்பதில் தேர்ந்தவர் என்று எல்லோரும் சொன்ன செல்லன். செல்லன் பளியக்குடியைச் சேர்ந்தவர்; காட்டிலேயே பிறந்து வளர்ந்து வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். நூறு கஜத்துக்கு ஒருவராகப் பரவி, ஒருவர் மற்றவரைத் தவறவிடாமலிருக்கவும் அந்தப் பெண்ணுக்குக் கேட்கவும் நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்துக்கொண்டே போனார்கள். என்னையும் ராவுத்தரையும் நிலையத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து மேட்டில் நின்றபடிதான் எதிர்ப் பள்ளத்தில் அந்த ஒன்பது யானைகளைப் பார்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன். அன்று அவை தண்ணீருக்குப் போகும் வழியில் யாரேனும் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்தேன்.

மாலை ஐந்தரைக்கு வெறுங்கையோடு திரும்பினார்கள். யானைகள் இறங்கும் நேரத்தில் மேலே போக முடியாது. வெள்ளத்தாயி வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு, தடத்தில் நடந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மறுபடி தொடங்கியபோது ரேஞ்சர் என்னைக் கூட வர அனுமதித்தார். வெள்ளத்தாயியும் வந்தார். பனி புல்லில் வெள்ளையாகக் கிடந்தது. நான் இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். ஆனாலும் விரல் மரத்துப்போய் நோட்டில் எழுத்துக் கோணியது. இரண்டு இரவு இதில் ஒருத்தி சேலையோடு இருந்திருக்கிறாள்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஓடைக்கு மேலே ஓரிடத்தில் செல்லன் நின்றார். பெரிய மரம், வேர்கள் பலகை மாதிரி எழுந்து நின்றன. அந்த வேருக்குப் பின்னால் ஈர மண்ணில் காலடிகள். வெறுங்கால், சின்னது. குதிகால் ஆழப் பதிந்திருந்தது. செல்லன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாங்கள் நின்ற இடத்துக்கு வந்து, முதல் நாள் காவலர்கள் நடந்த பூட்ஸ் தடத்தைக் காட்டினார். இரண்டுக்கும் இடையே இருபது கஜம்கூட இல்லை.

ரேஞ்சர் என்ன என்று கேட்டார்.

"அய்யா, இந்தப் புள்ள வழி தெரியாம நிக்கல" என்றார் செல்லன். "நாம நேத்து இங்கிட்டுப் போறப்ப வேருக்குப் பின்னால உக்காந்து பாத்திருக்கு. நாம போன பொறகு எந்திரிச்சு மேல ஏறிருச்சு. நாம தேடுறோம். அது ஒளியுது."

ஒரு காவலர் பழக்க தோஷத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ரேஞ்சர் கையைப் பிடித்துத் தடுத்தார். புதன்கிழமை அவளைக் காட்டுக்குள் விரட்டியது அந்தச் சத்தம். வியாழக்கிழமை முழுக்க அதே சத்தத்தை அடித்துக்கொண்டு அவளை மேலே மேலே தள்ளியிருக்கிறோம். எத்தனையோ விபத்துகளையும் தேடுதல்களையும் பற்றி எழுதியிருக்கிறேன். தேடுகிறவர்களுக்குப் பயந்து ஒருவர் ஒளிவார் என்று எனக்கும் தோன்றியதில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் ரேஞ்சர். வெள்ளத்தாயி கூப்பிட்டார். அடர்ந்த காட்டில் பெண்குரல் முப்பது கஜத்துக்கு மேல் போகவில்லை. ஆண்கள் கூப்பிட்டால் காவலர்கள் என்று நினைப்பாள். அப்போதுதான் வெள்ளத்தாயி அந்த யோசனையைச் சொன்னார்.

"எங்க கங்காணி கொம்பைக் கொண்டாந்து ஊதச் சொல்லுங்கய்யா. அந்தச் சத்தத்துக்கு அவ தூக்கத்துலயும் எந்திரிச்சு வருவா."

ஏலத்தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏலச்செடி நிழலில் வளர்வது. மேலே மரம், கீழே ஆளுயரச் செடி. பத்தடி தள்ளி வேலை செய்பவரைப் பார்க்க முடியாது. அதனால் பொழுது சாயும்போது கங்காணி, அதாவது கூலியாட்களுக்கு மேற்பார்வையாளர், மாட்டுக்கொம்பை ஊதுவார். ஊதியதும் ஒவ்வொரு பெண்ணும் இருந்த இடத்திலிருந்து ஒரு கூவல் கூவ வேண்டும். கங்காணி அந்தக் கூவல்களை விரல் விட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியானால்தான் வேலை முடிந்ததாகும். ஒன்று குறைந்தால் மறுபடி ஊதுவார். ஒவ்வொரு கங்காணியின் ஊதலும் வேறு மாதிரி இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கொம்புக்கு இவர்கள் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள்.

வெள்ளத்தாயியும் நானும் ஒரு காவலரும் நடந்து தடத்துக்கு வந்து, ராவுத்தர் காத்திருந்த ஜீப்பில் தோட்டத்துக்குப் போனோம். மணி ஒன்பதேகால். கங்காணி முத்தையா ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, தலையில் உருமால். கூடலூர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. கொம்பு உடைந்துவிட்டது என்றார். பின்னால் சுவரில் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம், அவரும் பார்த்தார்.

அவருடைய சிக்கல் என்ன என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விறகுக்குப் பெண்களை அனுப்பியதே அவர்தான். ரேஞ்சரின் முன்னால் கொம்போடு போய் நின்றால் அதை ஒப்புக்கொண்ட மாதிரி. வழக்கு அவர் மேல் விழும். தோட்டத்து முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவார். கீழே கூடலூரில் அவரை நம்பி ஆறு பேர்.

ராவுத்தர் ஜீப்பை விட்டு இறங்காமலே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"முத்தையா, நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்புடுவீங்கல்ல. பேச்சின்னு கூப்புடுவீங்களா, விட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவீங்களா?"

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. முத்தையா உள்ளே போய் ஆணியிலிருந்து கொம்பை எடுத்துத் துண்டால் துடைத்தார். வெள்ளத்தாயியைப் பார்த்து, "கஞ்சி ஏதாவது எடுத்துக்கத்தா, வயித்துல ஒண்ணுமில்லாம இருக்கும்" என்றார். ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மறுபடி அந்த மரத்தடிக்குப் போனபோது பத்தேகால். ரேஞ்சர் ஆறு காவலர்களின் விசில்களையும் வாங்கி, தன்னுடையதையும் சேர்த்துக் காக்கிப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். தொப்பிகளையும் கழற்றச் சொன்னார். முத்தையாவிடம் அவர் விறகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்தையா மூன்று குட்டை ஊதலும் ஒரு நீளமும் ஊதினார். பள்ளத்தில் மோதி எதிரொலி திரும்பி வந்தது. காத்திருந்தோம். ஒன்றுமில்லை. செல்லன் காலடிகளைப் பிடித்துக்கொண்டு மேலே கூட்டிப்போனார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊதல். ஐந்தாவது முறையும் காடு சும்மா இருந்தது. முத்தையாவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவர் தோளைத் தொட்டுக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். தலையசைத்து மறுத்துவிட்டார்.

ஆறாவது முறை ஊதியபோது மணி பதினொன்று இருபது. ஊதல் அடங்கியதும் இடப்பக்க மேட்டிலிருந்து ஒரு கூவல் வந்தது. மெலிந்து, நடுவில் உடைந்து வந்தது. முத்தையா தன்னையறியாமல் ஒரு விரலை மடக்கினார்.

"பேச்சிதான்" என்றார்.

வெள்ளத்தாயி அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார்.

பேச்சியம்மாளுக்கு இருபத்து நாலு வயது. ஒரு பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் காயம், உதடு நீலம், எழுந்து நிற்க முடியவில்லை. அக்காளையும் கங்காணியையும் பார்த்தவள், பின்னால் காக்கியைப் பார்த்ததும் மறுபடி பாறைக்குள் ஒடுங்கினாள். ரேஞ்சர் தூரத்திலேயே நின்று, தரையில் உட்கார்ந்தார். "நீ பேடிக்க வேண்டாம், பயப்படாதே" என்று மட்டும் சொன்னார். கஞ்சி உள்ளே போகப்போகப் பேச்சு வந்தது. முதல் நாள் இருட்டும்வரை ஓடினாளாம். ஓடைத் தண்ணீர் குடித்தாளாம். இரண்டாம் நாள் மாலை கீழே யானைகள் தண்ணீர் குடித்ததைப் பாறை மேலிருந்து மூச்சு விடாமல் பார்த்தாளாம்.

அவளுக்குப் பக்கத்தில் விறகுக்கட்டு இருந்தது. அவ்வளவு ஓட்டத்திலும் அதை விடவில்லை. நல்ல காய்ந்த விறகு. சேலை மடியில் ஒரு தீப்பெட்டியும் இருந்தது. சாயங்காலம் ஸ்டோர் அடுப்பைப் பற்றவைப்பது அவள் வேலை, அதற்காக வைத்திருந்தது. பெட்டி நனையவுமில்லை.

ரேஞ்சர் அந்த இரண்டையும் பார்த்தார். தீ மூட்டியிருக்கலாமே, குளிருக்காவது ஆகியிருக்குமே என்று கேட்டார்.

"தீ வச்சா ஜெயிலுன்னு போர்டுல போட்டிருக்காம்ல" என்றாள் பேச்சியம்மாள். "கங்காணி படிச்சுச் சொன்னாக. வெறகுக்கு அபராதம்தான். தீக்கு ஜெயிலு. எனக்குப் பச்சப் புள்ள இருக்கு சாமி."

மேட்டின் உச்சியில் தீ பார்ப்பதற்கென்றே ஒரு கோபுரம் இருக்கிறது. பகலெல்லாம் அதில் ஒருவர் உட்கார்ந்து புகை தெரிகிறதா என்று பார்ப்பார். அவள் ஒரு குச்சியைக் கிழித்திருந்தால் வியாழக்கிழமை பொழுது சாயும் முன்பே ஆள் போய்ச் சேர்ந்திருக்கும். ரேஞ்சர் இதை அவளிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்.

கிளம்பும்போது ஒரு சின்னத் தகராறு. நடக்க முடியாத நிலையிலும் விறகுக்கட்டை விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. யாராவது தூக்கிக்கொள்ளுங்கள் என்றாள். காவலர்கள் ரேஞ்சரைப் பார்த்தார்கள். கட்டைக் கொண்டுவந்தால் அது வழக்குக்குச் சாட்சி. எழுதியே ஆக வேண்டும். ரேஞ்சர் கட்டின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். விறகு அங்கேயே சரிந்து பரவியது.

"இது காட்டு விறகு. காட்டிலே கிடக்கு. யாரும் வெளியே எடுத்திட்டில்ல" என்றார். செல்லன் வேறு பக்கம் திரும்பி இருமினார். அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கம்பளியில் தூளி கட்டி அவளைத் தூக்கிவந்தோம். ஜீப்பில் ஏற்றிக் குமுளி டாக்டரிடம் காட்டியபோது மணி பன்னிரண்டரை. எலும்பு முறிவில்லை, குளிரும் பட்டினியும்தான், இரண்டு நாளில் எழுந்துவிடுவாள் என்றார். காசிம் ராவுத்தர் கைகால் கழுவிக்கொண்டு, "ஜும்மாவுக்கு நேரம் இருக்குதுங்க" என்று பள்ளிவாசலுக்கு நடந்தார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ரேஞ்சர் தோட்டத்துப் பெரட்டுக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். பலகையில் எழுதினால் படிக்கிறவர்கள் இல்லை, அதனால் நேரில் சொல்கிறேன் என்றார். எண்பது பெண்கள் கம்பளிக்குள் நின்றிருந்தார்கள். காக்கியைக் கண்டதும் யாரும் கண்ணை நிமிர்த்தவில்லை. அவர் மூன்று விஷயம் சொன்னார். காட்டில் வழி தவறினால் நடக்காமல் ஓரிடத்தில் இருந்து, சுற்றிலும் சருகை ஒதுக்கிவிட்டுச் சின்னதாகத் தீ மூட்டலாம். அதற்கு வழக்கு இல்லை. இனி ஆளைத் தேடும்போது விசில் அடிக்க மாட்டோம், கொம்பு ஊதுவோம். கேட்டால் கூவ வேண்டும். ஆள் காணோம் என்றால் அன்றே வந்து சொல்ல வேண்டும். எதற்காகப் போனாள் என்று முதலில் கேட்க மாட்டோம்.

பின் வரிசையிலிருந்து வெள்ளத்தாயி கேட்டார்: "அப்ப வெறகு?"

"அதுக்குக் கேஸ் உண்டு" என்றார் ரேஞ்சர்.

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு களம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், விழுந்து கிடக்கும் விறகை வாரம் ஒரு நாள் அனுமதிச் சீட்டோடு எடுக்க வழி செய்யும்படி மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் இதை எழுதும் வரை பதில் வந்ததாகத் தெரியவில்லை. முத்தையா இன்னும் கங்காணியாகத்தான் இருக்கிறார். போன வாரம் மலைக்குப் போய்வந்த ராவுத்தர், வனக்காவல் நிலையத்துச் சுவரில் இப்போது ஒரு கொம்பு தொங்குகிறது என்றும், செல்லன் தினமும் ஊதிப் பழகுகிறார் என்றும், கேட்கச் சகிக்கவில்லை என்றும் சொன்னார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தை, மாசி நல்ல மாதங்கள். அட்டை இல்லை, பாதை காய்ந்திருக்கும். குளிருக்குக் கனமான கம்பளி வேண்டும். பாலக்காட்டிலிருந்து போய்வர ரயில், பஸ் செலவு ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குள் அடங்கும். தங்குவதும் ஜீப்பும் தனி. காவலர் இல்லாமல் தீக்கோட்டைத் தாண்டாதீர்கள். எத்தனை பேர் உள்ளே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறிவிட்டால் ஓடாதீர்கள். நிலையத்து ரேஞ்சர் மாறியிருந்தால், தீ மூட்டுவதைப் பற்றிய வழக்கம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, தவறு செய்துதான் மாட்டிக்கொண்டீர்கள் என்றாலும் மறைந்து உட்காராதீர்கள். காக்கிச் சட்டைக்காரர் வழக்கும் போடுவார், தேடவும் வருவார். நான் பார்த்த இடத்தில் தேடுவதை முதலில் வைத்தார்கள்.

மலையிறங்கும் முன் பேச்சியம்மாளின் வீட்டுக்குப் போய், இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்கய்யா" என்றாள். "ஆனா கட்டை விட்டுட்டு வந்தவன்னு எழுதிராதீக. விடச் சொன்னாகன்னு எழுதுங்க."